ஆற்றுப்படுத்துநரும் அவர் பெறவேண்டிய பயிற்சியும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் என்பது நம் துறை மாணவர் அனைவரும் அறிந்ததே. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்றுவந்த வழியைச் சொல்லி வள்ளலிடம் அனுப்பிவைப்பது அவற்றின் பொதுவமைப்பு. அவற்றுள் கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாத்தை 583 அடிகளில் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனின் நாட்டுக்குச் செல்லும் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பன்றிகளுக்காகப் பொறி வைத்திருக்கும் இடம், பாம்புகள் உறையும் குழிகள், புனங்காப்போர் எறியும் கவண்கல் பறந்துவரும் பக்கம், வழுக்கும் பாறை என்று அப்பட்டியல் நீள்கிறது. தேர்வுக்காகப் படிப்போர் இதனை இயற்கை வருணனை என்று எழுதி மதிப்பெண் பெறுவர். நமக்கோ அதில் வேறொன்று தோன்றுகிறது. அவ்வழியில் நடந்து, இடறி, அதனை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்த ஒருவனால்தான் அவ்வளவு நுணுக்கமாக எச்சரிக்க இயலும்.

மனத்துயருற்றாருடன் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ளத் துணைநிற்கும் தொழிலுக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்று தமிழில் பெயர் வைத்தவர், அறிந்து வைத்தாரோ அறியாது வைத்தாரோ, மிகப் பொருத்தமாகவே வைத்தார். இலங்கைத் தமிழர் இதனை 'உளவளத்துணை' என்பர். அதுவும் நல்ல சொல்லே. தமிழ்நாட்டிலோ 'கவுன்சலிங்' என்றவுடன் பெற்றோர் நினைவுக்கு வருவது பொறியியற் கல்லூரியில் இடம் பிடிக்கும் கலந்தாய்வுதான். ஒரு தொழிலைக் குறிக்கும் சொல்லே வேறொன்றுக்குப் போய்விட்ட ஊரில், அத்தொழிலுக்குரிய பயிற்சியைப் பற்றி எண்ணுவார் அரியராயிருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் எண்ணியே ஆகவேண்டிய காலம் வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சில நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதனினும் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலை செய்துகொண்டனர் என்பதை நோக்குங்கால், இந்த ஆணை காலந்தாழ்ந்து வந்தது என்றே கூறவேண்டும்.

ஆனால் அவ்வாணையிலுள்ள 'தகுதிபெற்ற' எனும் அடைமொழியின்மேல்தான் நம் கவலையெல்லாம். ஆணைகள் நிறைவேற்றப்படும் முறையை நாம் நெடுநாள் கண்டிருக்கிறோம். மென்மையாகப் பேசும் ஆசிரியர் ஒருவரை அழைத்து, "இனி நீங்கள்தான் கவுன்சலர்" என்று கூறி, அறை வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டால், ஆய்வுக்கு வருவோர் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு சென்றுவிடுவர். கோப்பும் நிறைந்துவிடும். அவ்வறைக்குள் வந்து அமரும் மாணவனுக்கு என்ன நேரும் என்பதை எந்தக் கோப்பும் கூறாது.

என்ன நேரும் என்பதை நாம் நம் பட்டறிவிலிருந்தே சொல்லக்கூடும். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலை, வகுப்புகள் முடிந்து அஸர் தொழுகைக்குப் புறப்படும் வேளையில், இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் துறை அறைக்கு வந்து நின்றான். தூக்கம் வருவதில்லை என்றான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மனத்தில் ஏறுவதில்லை என்றான். நாம் அவனை அமரவைத்து ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினோம். அவன் தந்தை வெளிநாட்டில் படும் பாட்டை நினைவூட்டினோம். பொறுமையின் சிறப்பைச் சொன்னோம். தொழுகையில் மனத்தைச் செலுத்துமாறு கூறினோம். யாவும் நல்லுரைகளே. அவன் "சரிங்க ஐயா" என்று சொல்லிப் போய்விட்டான். அந்தப் பருவத் தேர்வுக்குமுன் கல்லூரியை விட்டும் நின்றுவிட்டான். அம்மாலைப் பொழுதில் அவன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு பல இரவுகளாகப் போராடிக்கொண்டிருந்தான் என்பது, அவன் உறவினர் ஒருவர் வாயிலாகப் பின்னரே நமக்குத் தெரியவந்தது. வல்ல இறைவன் அருளால் மருத்துவம் பெற்றுத் தேறி, இன்று ஊரில் கடை நடத்திவருகிறான். அந்த இருபது நிமிடத்தில் பேசியவர் நாம். பேச வந்தவன் அவன். கேட்டிருக்கவேண்டிய ஒரே ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அறியாதிருந்தோம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் நம்மில் பலருக்கும் உண்டு. அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்கப்பட்டவர் பலர் பாரம் இறங்கியதாகவே உணர்கின்றனர். ஆற்றுப்படுத்துநர் பயிற்சியில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடங்களுள் இஃதொன்று. கேட்டபின் வரும் விடையைத் தாங்குவதும், எப்போது தனியே விடலாகாது, எப்போது மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்லவேண்டும் என்று தேர்வதும் அதனைத் தொடரும் பாடங்கள்.

இத்தொழிலுக்கான முதுநிலைப் பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு, அதனை நெடுங்காலமாக ஒழுங்குபடுத்தி வைத்துள்ள அமெரிக்க நாட்டை எடுத்துக்காட்டலாம். அங்கு 1976இல் விர்ஜீனியா மாநிலம் முதன்முதலாக ஆற்றுப்படுத்துநர்க்கு உரிமம் வழங்கும் சட்டம் இயற்றியது. கடைசியாக 2009இல் கலிபோர்னியா இயற்றியது. எல்லா மாநிலங்களும் இதனை ஏற்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின என்பதை, நம் நாட்டின் தாமதத்தை எண்ணி மனம் தளர்வோர் நினைவிற் கொள்ளலாம். அங்கே மருத்துவநிலை மனநல ஆற்றுப்படுத்துநராக விரும்புவோர், இளநிலைப் பட்டத்துக்குப்பின் அறுபது பருவமணி அளவுள்ள முதுகலைப் படிப்பை முடித்தாகவேண்டும். 1981இல் தோன்றிய அங்கீகார அமைப்பு ஒன்று அதன் தரத்தை வரையறுக்கிறது.

நாம் கவனிக்கவேண்டியது அப்படிப்பில் எத்தனை தாள்கள் என்பதையன்று. முதலில் 100 மணி நேரம் செய்முறைப் பயிற்சி; அதில் 40 மணியேனும் துயருற்று வந்தவருடன் நேரே அமர்ந்து பேசியிருக்கவேண்டும். பின்னர் 600 மணி நேரம் களப்பயிற்சி; அதில் 240 மணி நேர்முகமாக. இக்காலம் முழுவதும் வாரந்தோறும் சராசரி ஒரு மணி நேரம் மேற்பார்வையாளர் முன் அமர்ந்து, தாம் என்ன கேட்டோம், ஏன் கேட்டோம், எங்கே அவசரப்பட்டோம் என்று கணக்குச் சொல்லவேண்டும். சக மாணவரோடு குழுவாக ஒன்றரை மணி நேரம் வேறு. பட்டம் பெற்றபின்னும் உடனே தனித்துத் தொழில் செய்ய இயலாது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, பெரும்பாலும் 2,000 முதல் 4,000 மணி வரை மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்றித் தேர்வும் எழுதியபின்னரே உரிமம் கிட்டும். மனிதரின் மனத்தைத் தொடும் கையை அத்தனை நாள் மற்றொரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது.

மேற்பார்வை என்றால் என்னவென்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி. கார்ல் ராஜர்ஸ் என்னும் உளவியலறிஞர் 1942இல் வெளியிட்ட நூலில், ஒரே மனிதருடன் நடந்த எட்டு உரையாடல்களை ஒலிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்து அச்சிட்டார். அதற்குமுன் ஆற்றுப்படுத்தும் அறைக்குள் நடப்பது மூடுமந்திரமாகவே இருந்தது. உள்ளே இருந்தவர் நினைவிலிருந்து சொல்வதே சான்று. ஒலிப்பதிவு வந்தபின், தாம் நன்றாகச் செவிசாய்த்ததாக நம்பியிருந்த பலர், தாமே பெரும்பகுதி பேசியிருப்பதைத் தம் காதாலேயே கேட்டனர். நம்முடைய அந்த இருபது நிமிடத்தை எவரேனும் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டியிருந்தால் நம் நிலையும் அதுவே.

இனி நம் நாட்டின் நிலை. மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர்க்கு 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. அதற்கு வாயிலாக அமைந்தது, மருத்துவமனையிலேயே இருந்து பயிலும் ஈராண்டு எம்.ஃபில். படிப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் ராஞ்சியிலுள்ள மத்திய மனநோய் மருத்துவ நிறுவனமும் இதில் பெயர்பெற்றவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தையே கைவிட்டபோதும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26ஆம் கல்வியாண்டு வரை மாணவரைச் சேர்க்கக் காலநீட்டிப்புத் தரப்பட்டது. ஆள் பற்றாக்குறை எத்துணைப் பெரிது என்பதற்கு இதுவே சான்று. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு இருப்பதையும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதிருப்பதையும் கண்டறிந்தது.

ஆற்றுப்படுத்துநரின் நிலையோ அதனினும் தெளிவற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரையும் மனநலச் செவிலியரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் வரையறுத்துக் கூறுகிறது. ஆற்றுப்படுத்துநர் யார் என்று கூறவில்லை. 2021இல் இயற்றப்பட்ட துணைமருத்துவத் தொழிலர்க்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில்தான் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. இவ்விடைவெளியில் தழைத்தவை பற்பல. மூன்று நாள் முகாமில் சான்றிதழ் பெற்றவரும், அஞ்சல்வழியில் ஓராண்டுப் பட்டயம் பெற்றவரும், உளவியலில் முதுகலை முடித்து மருத்துவமனையில் பயின்றவரும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் அமர்ந்திருக்கின்றனர். பட்டயப் படிப்புகளை நாம் இழித்துரைக்கவில்லை. ஆசிரியர்க்கு அவை மிகப் பயன்படும். ஆனால் ஒருவர்கூட எதிரே அமராத நிலையில், மேற்பார்வையாளர் ஒருவரைக்கூடக் காணாத நிலையில் பெறும் தாள், நீந்தாமல் பெற்ற நீச்சற் சான்றிதழை ஒக்கும்.

நம் சமுதாயப் பெரியோர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். "எங்கள் பாட்டனார் காலத்தில் இதற்கெல்லாம் படிப்பா இருந்தது? ஊர்ப் பெரியவர் இருந்தார், ஹஜ்ரத் இருந்தார், துஆச் செய்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், குணமாயிற்று" என்பர். இத்தடையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. இழவு வீட்டில் தோளில் கைவைத்து நிற்கும் பெரியவரின் இடத்தை எந்த முதுகலைப் பட்டமும் நிரப்பாது. இறைவனை நினைப்பதால் உள்ளம் அமைதியுறுவது நாம் நம்பும் உண்மை. நுகர்ந்த உண்மையும் ஆகும். ஆயினும் அதே காலத்தில் குணமாகாது போனவர்களையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்கள் எங்கே இருந்தார்கள்? பலர் வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். சிலர் சங்கிலியில் இருந்தார்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாது கருகினர், மாண்டோர் இருபத்தெண்மர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு எங்கே போவதென்று அறியாத தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும்தாம்.

அத்தீக்குப் பிறகு நாடு சிலவற்றைக் கற்றது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடை செய்தது. குஜராத் மாநிலத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் 'தவாவும் துஆவும்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. வருவோர்க்கு ஓதிப்பார்க்கும் முஜாவர்களே, அவர்களை அங்குள்ள மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. மருந்தும் வேண்டலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை, நூல்களில் நாம் வாதிட்டுக்கொண்டிருக்க, அங்கே எளிய மனிதர்கள் செயலிற் காட்டினர்.

இத்துறையை மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உளர். அவர்கள் பல்கு நகரப் பகுதியில் பிறந்து 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீயை அறியாதவர். உடல் நலம், உள்ள நலம் இரண்டையும் இரு பகுதிகளாக வகுத்து அவர் எழுதிய நூலின் கையெழுத்துப்படி இஸ்தான்புல்லில் உள்ளது. மருத்துவர்கள் உடலை மட்டுமே பேசி உள்ளத்தை விட்டுவிட்டனர் என்ற குறையாலேயே இரண்டாம் பகுதியை அவர் எழுதினார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என உள்ளத்தின் இடர்களை வகைப்படுத்தி, காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாது வரும் துயரம் வேறு என்றும் பிரித்தார். முதலுதவிக்கான மருந்துகளை முன்னரே வாங்கி வைப்பதுபோல, மனம் நலமாயிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி அப்பகுதியை ஆங்கிலத்தில் தந்து இக்காலத்தவர் அறியச் செய்தார். 1154இல் டமாஸ்கசிலும் 1284இல் கெய்ரோவிலும் எழுந்த மருத்துவமனைகள் மனநோயாளர்க்கும் இடம் ஒதுக்கியிருந்தன.

பழம்பெருமை பேசி அமைதிகொள்வதற்காக இதனைக் கூறவில்லை. அல்பல்கீயின் பெயரை மேடையில் முழங்கிவிட்டு, சொந்த மகளின் நோயைத் தாயத்தால் மட்டும் மறைப்பவரை நாம் அறிவோம். நாம் சுட்ட விரும்புவது வேறொரு மரபு. மதரஸாவில் ஓதும் மாணவர் தாமாக ஒரு கிதாபைப் படித்து முடித்துவிட்டால் ஆலிமாகிவிடுவதில்லை. உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக்காட்டி, பிழை திருத்தப்பெற்று, அவர் இஜாஸத் அளித்தபின்னரே பிறர்க்குக் கற்பிக்கும் உரிமை பெறுவார். ஒரு சொல்லின் ஒலிப்பிழைக்கே இத்தனை காவல் வைத்த சமுதாயம், ஓர் உயிரின் துயரைக் கையாள்வதற்கு மேற்பார்வையற்ற ஒருவரைப் போதுமென்று கொள்வது பொருந்துமா? மேலே கூறிய மணிக்கணக்கெல்லாம் அந்நிய வழக்கமன்று. நம் இஜாஸத்தின் மறுவடிவமே என்பது எம் துணிபு.

பயிற்சி பெற்றவரும் மார்க்க அறிஞரும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு வஸ்வாஸையே எடுத்துக்கொள்வோம். ஒளுச் செய்து முடித்தபின்னும் முழங்கை நனைந்ததோ இல்லையோ என்ற ஐயம், மீண்டும் கழுவுதல், மீண்டும் ஐயம். ஹவுளின் கரையில் ஒருமணி நேரம் கழிந்து ஜமாஅத் தொழுகையும் தவறிப்போகும். இதனை இறையச்சத்தின் மிகுதி என்று புகழ்வாரும் உண்டு. ஷைத்தானின் வேலை என்று கடிவாரும் உண்டு. புகழ்ச்சியும் கடிதலும் நோயை வளர்க்கவே செய்யும். எண்ணச்சுழல் நோய் என்று உளவியல் கூறும் இதற்கு, ஐயம் எழும்போது கழுவாமல் அப்பதற்றத்தைத் தாங்கிப் பழகுவதே முதன்மையான உளச்சிகிச்சை. அஃது உடனிருந்து படிப்படியாகப் பழக்கவேண்டியது. நூலைப் பார்த்துச் செய்வதன்று. அத்துடன், "ஒருமுறை போதும், ஐயத்தைப் பொருட்படுத்தாதே, உன் தொழுகை கூடும்" என்று ஹஜ்ரத் ஒருவர் உறுதியாகக் கூறினால், ஆற்றுப்படுத்துநரின் பாதி வேலை முடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பின் நோயாளி இருவரிடையே அலைவார். இரவில் நெஞ்சின்மீது அமுக்குவான் ஏறி உட்கார்ந்ததாக நடுங்கும் இளைஞனுக்கு, உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே உடல் சற்றுநேரம் அசையாதிருக்கும் நிலை அது என்று அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் பிள்ளையைத் தொடவே அஞ்சும் தாயைக் கண்டதும், இவளை இன்றே மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று தேறவும் வேண்டும். தைராய்டுக் குறைவு மனச்சோர்வாகத் தோற்றமளிப்பதும் உண்டு. தன் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறிவதே இப்பயிற்சியின் அரும்பகுதி.

இரகசியத்தைப் பற்றியும் ஒரு சொல். அவையில் பேசப்படுவது அமானிதம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஜமாஅத்தில் உரைத்த குடும்பச் செய்தி மறுநாள் தேநீர்க் கடையில் உலவுவதை மறுப்பார் யார்? நம் பெண்கள் வாய்திறவாமைக்கு இதுவே தலையாய காரணம். ஜமாஅத்தின் வேலை தீர்ப்பளிப்பது. ஆற்றுப்படுத்துநரின் வேலை தீர்ப்பளியாது கேட்பது. இரண்டையும் ஒருவரே செய்ய முற்பட்டால் இரண்டும் கெடும். கணவர் வளைகுடாவில் இருக்க, மாமியார் வீட்டில் தனித்திருக்கும் இளம்பெண் யாரிடம் பேசுவாள்? தன் மொழியையும் மார்க்கத்தையும் அறிந்த, ஆனால் தன் தெருவைச் சாராத ஒரு பெண்ணிடம் பேசுவாள். அத்தகைய பெண்கள் நம்மிடையே எத்தனை பேர் உள்ளனர்? சொன்னதை எவரிடமும் சொல்லாதிருப்பதும், உயிருக்கு ஆபத்து என்னும்போது சொல்லியே ஆவதும், சிறார் மீதான பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஆகிய இவ்வெல்லைக் கோடுகளை ஒருவர் பயின்றே அறியவேண்டும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உண்டு. இப்பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. கேட்கவேண்டிய துயரமோ தமிழில் வருகிறது. நூலில் 'மனச்சோர்வு' என்றிருப்பதை எவரும் அப்பெயரால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு படபடங்குது" என்பார். "தலையில பாரம் ஏத்தின மாதிரி இருக்கு" என்பார். "ஈரக்கொல நடுங்குது" என்பார். நம் தெருக்களில் மூதாட்டியர் "கல்பு கலங்குது", "என்ன முஸீபத்தோ தெரியல" என்பர். "இந்த ஹயாத்தே வேண்டாம்" என்று ஒருவர் சொல்வது அலுப்பா, ஆபத்தா என்பதைப் பாடநூல் சொல்லாது. சொல்லின் தொனியும் சூழலும் சொல்லும். இவ்வழக்குகளை வட்டாரந்தோறும் தொகுத்து, எச்சூழலில் எப்பொருளில் வழங்குகின்றன என்று குறித்துவைத்தால், பயிற்சி பெறுவோர்க்கு அதனினும் சிறந்த கைந்நூல் இராது. முதுகலை மாணவர் ஆய்வேட்டுக்குத் தலைப்பின்றி அலையும் காலத்தில், பிறர் ஏற்கெனவே எழுதிய தலைப்பை மீண்டும் எழுதுவதைவிட இது மேல்.

நிர்வாகப் பெருமக்களிடமும் சமுதாயச் செல்வர்களிடமும் நாம் கேட்பது பெரிதன்று. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள், ஆண்டுக்கு இருவர்க்கேனும், அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக, உளவியலிலோ மனநலச் சமூகப்பணியிலோ முதுநிலைக் கல்வி முடித்து மருத்துவமனைப் பயிற்சியும் பெறும்வரை உதவவேண்டும். பெண்ணை மனநல மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் நல்ல இடத்தில் சம்பந்தம் அமையுமா என்று தயங்கும் பெற்றோரிடம் பெரியோரே நேரிற் சென்று பேசவேண்டும். இதனைச் சுற்றறிக்கை செய்யாது. படித்துத் திரும்புவோர்க்கு முழுநேரப் பணியும், விரிவுரையாளர்க்கு ஒப்பான ஊதியமும், மாதந்தோறும் வெளியூர் வல்லுநர் ஒருவரின் மேற்பார்வையும் கிடைக்கவேண்டும். முதல்வர் அறைக்கு எதிரே அமையாத, போவோர் வருவோர் காணாத ஓர் அறையும் வேண்டும். நூலகத்தின் பின்புறம் பழைய நாற்காலிகள் அடைந்துகிடக்கும் அறையே போதுமானது.

இவையெல்லாம் கைகூட நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வாசலில் வந்து நிற்கும் மாணவனைத் திருப்பியனுப்ப இயலாது. நாமும் இப்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டு கேட்கப் பழகிவருகிறோம். அந்த ஒரு கேள்வியையும் கேட்கிறோம். நம் அளவை மீறியது என்று கண்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்கிறோம். 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் உதவிச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அதன் எண் 14416. துறை அறையின் கதவில், கண்ணுக்கு எட்டும் உயரத்தில், அதனை எழுதி ஒட்டியிருக்கிறோம்.